கல்பக்கியின் சீழ்க்கை

மார்ச் 6

தம்பிக்கு,

போனை எடுக்காத மனிதனுக்குக் கடிதம்தான் எழுத வேண்டியிருக்கிறது. போன மாதம் ஆறு தடவை கூப்பிட்டேன். ஆறு தடவையும் உன் மனைவிதான் எடுத்தாள். "அவர் குளிக்கிறார் அண்ணி" என்றாள். இப்படிக் குளித்தால் தோல் என்னத்துக்கு ஆகும்?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பம்பு நிலையத்துக்குப் பின்னால், நீர்த்தேக்கக் கரையை ஒட்டிப் பதினோரு ஏக்கர் கல்லுக்காடு கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அங்கே ஒரு பறவையைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை எனக்கு மதிய ஷிப்டு. குழாயில் எங்கோ கசிகிறது என்று பார்க்கப் போனேன். இன்னும் ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் மிதித்திருப்பேன். காலடியில் கல் ஒன்று மூச்சு விட்டது.

காய்ந்த சருகும் சாம்பலும் கலந்த நிறம். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. கண்ணை முழுதாக மூடவில்லை, ஒரு கோடு மட்டும் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயின் இரண்டு பக்கமும் மீசை போல மயிர். நான் அசையவில்லை, அதுவும் அசையவில்லை. கடைசியில் நான்தான் தோற்றுப்போய்ப் பின்பக்கமாகவே நடந்து வந்தேன்.

பக்கி என்கிற இரவுப் பறவை என்று தெரிந்துவிட்டது. எந்தப் பக்கி என்பதுதான் சிக்கல். என் புத்தகத்தில் இரண்டு போட்டிருக்கிறது. மண்பக்கி எல்லா இடத்திலும் உண்டு. கல்பக்கி பாதுகாக்க வேண்டிய பட்டியலில் இருப்பது, இந்தப் பக்கம் அதைப் பார்த்து இருபது வருஷம் ஆகிறதாம். உருவத்தில் இரண்டும் ஒரே அச்சு, குரலை வைத்துத்தான் பிரிக்க முடியும் என்கிறது புத்தகம். மண்பக்கி பலகையில் தட்டுவதுபோல டொக் டொக் என்னும். கல்பக்கி மெல்லிசாக, உச்சத்தில் சீழ்க்கை அடிக்கும்.

சாயங்காலம் ஆறே முக்காலுக்கு ஒரு பம்பை நிறுத்தி இன்னொன்றை ஓட்டுவோம். நடுவில் பத்து நிமிடம் இரண்டுமே ஓடாது. பதினாலு வருஷமாக என் நாளில் சத்தமில்லாத நேரம் அதுதான். அந்தப் பத்து நிமிடத்தில் கேட்டேன். எண்ணெய் போடாத சைக்கிள் சக்கரம் தூரத்தில் உருளுவதுபோல, மெல்லிசாக மேலே ஏறி, சட்டென்று அறுந்துவிடும் ஒரு சீழ்க்கை. பதிவு செய்திருக்கிறேன். மெமரி கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அவசரம் ஏனென்றால், அந்த இடத்தைச் சமன் செய்து புது வடிகட்டித் தொட்டி கட்டப் போகிறார்கள். இன்ஜினியரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். "பறவை சர்வே எல்லாம் முடிஞ்சுதும்மா. ஒண்ணும் இல்லைன்னு ரிப்போர்ட் வந்தாச்சு" என்றார். எவனோ ஒரு நிபுணன் எழுதியிருக்கிறான். இரவுப் பறவை என்றால் உன்னைத்தான் எல்லா ஆபீசிலும் கூப்பிடுகிறார்கள். அந்த ஆள் யாரென்று உனக்குத் தெரிந்திருக்கும். கேட்டுவிட்டு, இது என்ன பறவை என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

உன் கடிதமும் கார்டும் கிடைத்தன. வேலை நெருக்கடியில் பதில் தாமதமாகிவிட்டது.

பதிவைக் கேட்டேன். அது மண்பக்கிதான், சந்தேகத்துக்கு இடமில்லை. பின்னணியில் பம்பு இரைச்சல் கலந்திருப்பதால் உனக்கு வேறு மாதிரித் தோன்றியிருக்கிறது. அரிய பறவையைக் கண்டுவிட வேண்டும் என்ற ஆசை இருந்தால் காது அதற்கேற்பக் கேட்கும். அனுபவம் உள்ளவர்களுக்கே இது நேர்வதுண்டு, வருத்தப்படாதே.

அந்த இடத்துக்கு அடிக்கடி போகாதே. உன் வேலைக்கு அது நல்லதல்ல.

போனில் பேச நேரம் கிடைப்பதில்லை. எதுவானாலும் எழுது. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பம்பு இரைச்சல் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு பம்பும் நின்றிருந்த பத்து நிமிடத்தில் பதிவு செய்தது அது. அதில் ஒரு சீழ்க்கையும், வாட்ச்மேன் இருமுவதும் தவிர வேறு சத்தமே கிடையாது. நீ எந்தக் கார்டைக் கேட்டாய்?

இதை மட்டும் எழுதி, சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் நேற்று ஷிப்டு நோட்டில் கையெழுத்து வாங்க இன்ஜினியர் அறைக்குப் போனேன். மேசைமேல் கோப்பு திறந்து கிடந்தது. 'இரவுப் பறவைகள் கள ஆய்வு. குறிப்பிடத்தக்க இனம் எதுவும் இல்லை.' கீழே கையெழுத்து. கடைசி எழுத்தை வாலாக இழுத்து அடியில் கோடு போடுவது உலகத்தில் ஒருத்தன்தான். பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் அப்பா கையெழுத்தை நீ போட்டு மாட்டிக்கொண்டதும் அந்தக் கோட்டால்தானே.

ஆய்வு நடந்த நாள் நவம்பர் 14, 15 என்று இருந்தது. எங்கள் வால்வு திறக்கிறவரைக் கேட்டேன். "ஆமாம்மா, தொப்பி போட்டவர் ஒருத்தர் வந்தார். மடக்கு நாற்காலி போட்டுக் கரை மேல உக்காந்திருந்தார். டீ வேணுமான்னு மூணு தடவை பின்னாடி நின்னு கேட்டேன். திரும்பியே பாக்கல. பெரிய மனுஷங்க அப்படித்தான்" என்றார்.

நவம்பர் 14 அன்று நான் ஏன் வேலையில் இல்லை என்று உனக்குத் தெரியும். கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தேன். அந்தக் கரையிலிருந்து என் வீடு கால் மணி நேர நடை. ஜன்னலைத் திறந்தால் கரை மேல் நடக்கிறவர்களின் தலை தெரியும். நீ இரண்டு நாள் அங்கே உட்கார்ந்திருந்தாய். அந்த வாரம் உன் மனைவி போன் செய்து "கால் எப்படி இருக்கு அண்ணி?" என்று விசாரித்தாள். நீ ஊரில் இல்லை, எங்கோ வேலையாகப் போயிருக்கிறாய் என்றாள். எங்கோ.

பறவை இருக்கட்டும். முதலில் இதற்குப் பதில் சொல்.

அக்கா


மார்ச் 29

அக்காவுக்கு,

கோபம் நியாயம்தான். ஆனால் என் பக்கத்தையும் பார். நீ வேலை பார்க்கிற துறைக்கு நான் அறிக்கை கொடுக்கிறேன். அந்தச் சமயத்தில் உன் வீட்டில் வந்து தங்கினால், சாப்பிட்டால், நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள். அதனால்தான் லாட்ஜில் தங்கினேன். உன்னைத் தவிர்க்க வேண்டும் என்பதல்ல.

மெமரி கார்டு விஷயத்தில் பம்பு என்று எழுதியது என் கவனக்குறைவு. பல பதிவுகளை ஒரே நாளில் கேட்கிறேன். முடிவில் மாற்றமில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஆட்சேப மனு எதுவும் கொடுத்துவிடாதே. ஒரு பம்பு ஆபரேட்டர் சொல்வதையும் இருபத்திரண்டு வருஷ அனுபவம் உள்ளவன் சொல்வதையும் எதிரெதிரே வைத்தால் உனக்குத்தான் அவமானம். அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

திட்டத்துக்கு அனுமதி தரும் சுற்றுச்சூழல் குழுவிடம் மனு கொடுத்தாகிவிட்டது. உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே. வந்த பிறகாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். பம்பு ஆபரேட்டர் என்று நீ எழுதிய விதம் அப்படி.

முப்பதாம் தேதி பறவை இருந்த இடத்தில் இரண்டு முட்டை பார்த்தேன். கூடு என்று ஒன்றும் இல்லை. வெறும் கல் மேல், யாரோ பையிலிருந்து தவறவிட்டதுபோலக் கிடந்தன. பார்த்ததும் திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்கு ஷிப்டு நோட்டில் 'குறிப்பு' என்ற இடத்தில் அதையும் எழுதி வைத்தேன். இன்ஜினியர் அதைப் பார்த்து, "இது தண்ணி அளவு எழுதற நோட்டும்மா, பறவை டைரி இல்ல" என்றார். பதினாலு வருஷமாக எழுதுகிறேன், இப்போதுதான் பார்த்திருக்கிறார்.

விசாரணை ஏப்ரல் 15. உன்னையும் கூப்பிட்டிருப்பார்கள்.

அதற்கு முன்னால் ஒரு நாள் வா. லாட்ஜிலேயே தங்கு, என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம். சாயங்காலம் ஆறே முக்காலுக்கு என்னோடு பம்பு அறைக்குப் பின்னால் பத்து நிமிடம் நில். நேரில் கேட்டுவிட்டும் நீ மண்பக்கி என்று சொன்னால், மனுவை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சத்தியமாக. உன்னைவிட எனக்குப் பறவை தெரியும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

அக்கா


ஏப்ரல் 16

நீ வரவில்லை. விசாரணைக்கு மட்டும் வந்தாய்.

நடந்ததை உனக்கே எழுதுகிறேன், நீ சொன்னது உன் காதில் விழுந்ததா என்று தெரியாததால்.

அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். நான் மூன்றாவது வரிசை. நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, குழுத் தலைவி அம்மாவிடம், "அந்தம்மா கொடுத்த பதிவுல இருக்கறது கல்பக்கி குரல்தான். ஆனா அது இன்டர்நெட்ல யாருக்கும் கிடைக்கும். போன்ல ஓடவிட்டு இன்னொரு போன்ல பதிவு பண்ணலாம். முட்டையும் மண்பக்கி முட்டைதான். பயிற்சி இல்லாதவங்க பேச்சை ஆதாரமா எடுத்துக்க முடியாது" என்றாய்.

அந்தம்மா.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் ஷிப்டு நோட்டின் நகல்களைத் தலைவி மூடி வைத்துவிட்டு, மனு தள்ளுபடி என்றார். நான் உன் அக்கா என்று சொல்லவில்லை. நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். கடைசி வரை காத்திருந்தேன். இன்ஜினியருக்குக்கூடத் தெரியாது. வெளியே வந்ததும், "அந்த நிபுணர் உங்களை ரொம்பப் பேசிட்டார்ம்மா, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல அவர்தான் மிச்சம்.

திருடி என்று என்னை யாரும் சொன்னதில்லை. பொய்க்காரி என்றும் சொன்னதில்லை. முதல் ஆள் நீ.

வீட்டுக்கு வந்தபிறகுதான் யோசித்தேன். மார்ச்சில் அது மண்பக்கி, சந்தேகமில்லை என்று எழுதினாய். ஏப்ரலில் அது கல்பக்கி குரல், ஆனால் போலி என்கிறாய். ஒரே பதிவு. எதை நீ கேட்டாய்?

இன்னொன்றும் பார்த்தேன். விசாரணையில் பதிவை ஓடவிட்டார்கள். சீழ்க்கை வந்ததும் நாற்பது தலையும் நிமிர்ந்தது. ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த குமாஸ்தாகூட விழித்தார். நீ மட்டும் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் இருந்தவர் உன் கையைத் தொட்டதும் தலையை ஆட்டினாய். இடது பக்கமிருந்து தலைவி கேட்டதற்கு நீ வேறு ஏதோ பதில் சொன்னாய். மழுப்புகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். மூன்று தடவை டீக்குத் திரும்பாதது, ஆறு தடவை போனுக்கு வராதது எல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எப்போதிலிருந்து?


ஏப்ரல் 24

அக்கா,

மூன்று வருஷமாக.

முதலில் வலது காது. பிறகு இரண்டும். பேச்சு கேட்கிறது, எதிரே முகம் தெரிந்தால். கீழ் ஸ்தாயி கேட்கிறது. லாரி, கதவு, ஆந்தையின் கனத்த குரல் எல்லாம் கேட்கிறது. மெல்லிய, உயர்ந்த சத்தங்கள் போய்விட்டன. போனில் குரல் தகரத்தைச் சுரண்டுவதுபோல வருகிறது, வார்த்தை பிடிபடுவதில்லை. டாக்டர் திரும்பி வராது என்றார். என் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, எனக்காக போனில் பொய்யும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நவம்பரில் அந்தக் கரையில் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அந்த நிலம்தான் அமைதியாக இருக்கிறது என்று நம்பினேன். நம்ப விரும்பினேன். உன் வீட்டுக்கு வராததற்கு நான் எழுதிய காரணம் பொய். நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, தணிந்த குரலில் பேசுவாய். ஒரு வேளைச் சாப்பாடு முடிவதற்குள் கண்டுபிடித்திருப்பாய். மாவுக்கட்டுப் போட்ட அக்காவைப் பார்ப்பதைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது. இதை எழுதும்போதுதான் எவ்வளவு கேவலம் என்று தெரிகிறது.

உன் கார்டு வந்த அன்று அதை மூன்று முறை ஓடவிட்டேன். ஒன்றுமே கேட்கவில்லை. பம்பு நிலையம் என்பதால் பம்பு இரைச்சல் இருக்கும் என்று ஊகித்து எழுதினேன். நீ இரண்டாவது கடிதம் எழுதிய பிறகு அதை என் மனைவியைக் கேட்கச் சொன்னேன். "ஏதோ விசில் மாதிரி மேல ஏறி நின்னுடுது" என்றாள். அப்போதே தெரிந்துவிட்டது, அது என்னவென்று. மார்ச் இருபத்தைந்தாம் தேதியே தெரியும். அதற்கப்புறம் நான் எழுதியது, பேசியது எல்லாம் தெரிந்தே செய்தது.

இந்த மூன்று வருஷத்தில் இன்னும் ஆறு இடங்களுக்கு இதேபோல அறிக்கை கொடுத்திருக்கிறேன். ஒன்று பொய் என்று ஆனால் ஆறும் சரியும். எனக்கு வேறு தொழில் தெரியாது, அக்கா. நாற்பத்தொன்பது வயதில் நான் வேறு யாராக ஆவது? அந்த அறையில் பதிவு போலி என்று சொன்னபோது, உன்னைப் பார்க்காமல் உனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

யாரிடமும் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 27

உன் கடிதத்தைப் படித்து ஒரு பொழுது அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

காது போனதற்கு உன்மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் உனக்காக ஒவ்வொரு சாயங்காலமும் வந்து உட்கார்ந்து நான் கேட்டிருப்பேன். கேட்டதை எழுதியும் கொடுத்திருப்பேன். அதற்குக்கூட என்னை நீ நம்பவில்லை. உன் பெயரைக் காப்பாற்ற என் பெயரை எடுத்து வீசினாய். காது போனதையும் இதையும் ஒன்றாகக் கட்டி, காது போய்விட்டது அக்கா என்று என் கையில் கொடுக்காதே. தனித்தனியாகத்தான் வாங்கிக்கொள்வேன்.

யாரிடமும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவன் நீ.

பதினெட்டாம் தேதி குஞ்சு பொரித்துவிட்டது. இரண்டும் நன்றாக இருக்கின்றன. தவிட்டு நிறத்தில், கைக்குட்டையைக் கசக்கிப் போட்டதுபோல. தாய் இல்லாத நேரத்தில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் அப்படியே உறைந்துவிடுகின்றன. இடத்தைச் சமன் செய்ய மண்வெட்டும் இயந்திரம் மே 4 வருகிறது. பறக்க மூன்று வாரம் ஆகும் என்கிறது புத்தகம். மே 9 வரை தாங்கினால் போதும்.

உனக்குச் சுலபமான வழி ஒன்று சொல்கிறேன். காதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். 'புதிய தகவல் கிடைத்துள்ளது, மறு ஆய்வு தேவை, இரண்டு வாரம் வேலையைத் தள்ளி வையுங்கள்' என்று குழுவுக்கு நாலு வரி எழுது. நீ சொன்னால் நிறுத்துவார்கள். உன் கையெழுத்து ஒன்று போதும், அடியில் அந்தக் கோட்டோடு. மற்ற ஆறு இடத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

இதை மட்டும் செய். மிச்சத்தை நான் விழுங்கிக்கொள்கிறேன்.

அக்கா


மே 1

அக்கா,

நீ சொன்னபடியே எழுதி இன்று குழுவுக்கு அனுப்பிவிட்டேன். கவலைப்படாதே, நிறுத்திவிடுவார்கள்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தம்பி


மே 6

நான்காம் தேதி காலை எட்டு மணிக்கு இயந்திரம் வந்தது.

எனக்கு ஷிப்டு இல்லை. இருந்தும் போனேன், திரும்பிப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு நிம்மதியாக வரலாம் என்று. ஓட்டுநர் இறங்கி வந்து, "அம்மா, கொஞ்சம் நகருங்க. எனக்கு ஆர்டர் இருக்கு" என்றார். "ரெண்டு வாரம் தள்ளி வைக்கச் சொல்லி லெட்டர் வந்திருக்கும். ஆபீஸ்ல கேளுங்க" என்றேன். இன்ஜினியர் வந்தார். என் எதிரிலேயே குழு அலுவலகத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அப்படி ஒரு லெட்டரும் வரலையே சார்" என்றாள் ஒரு பெண். தபாலையும் மெயிலையும் மறுபடி பார்க்கச் சொன்னார். பார்த்துவிட்டு மறுபடியும் இல்லை என்றாள்.

அப்போது நான் சொன்னேன்: "சார், எழுதினது என் தம்பி. கூடப் பிறந்தவன். அனுப்பிட்டேன்னு எனக்குக் கைப்பட எழுதியிருக்கான். அவன் என்கிட்ட பொய் சொல்ல மாட்டான்."

நாற்பது பேர் முன்னால் நீ சொல்லாததை, ஒரு மண்வெட்டும் இயந்திரத்துக்கு முன்னால் நான் சொன்னேன். இன்ஜினியர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "அந்த நிபுணரா உங்க தம்பி?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "அரை மணி நேரம் தரேம்மா. எடுக்க முடிஞ்சதை எடுத்துக்குங்க" என்றார்.

நானும் வால்வு திறக்கிறவரும் தேடினோம். தாய் எழுந்து, இறகு ஒடிந்ததுபோல நொண்டி நொண்டி எங்களை வேறு பக்கம் இழுக்கப் பார்த்தது. ஒரு குஞ்சு கிடைத்தது. மற்றது கிடைக்கவில்லை. அசையாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வித்தை. அது சரியாகத்தான் செய்தது, அதனால்தான் எங்களால் பார்க்க முடியவில்லை. கத்திக்கூடப் பார்த்தேன், பயந்தாவது ஓடட்டும் என்று. அரை மணி நேரம் முடிந்தது.

கிடைத்த ஒன்றை வேலிக்கு அந்தப் பக்கம், கரைச் சரிவில் விட்டேன். அன்று மாலை மண்மேட்டின் மேலிருந்து சீழ்க்கை கேட்டது. நேற்றும் கேட்டது. இன்று பத்து நிமிடமும் நின்றேன். கேட்கவில்லை.

நீ அனுப்பவில்லை, இல்லையா?


மே 21

அக்கா,

அனுப்பவில்லை.

எழுதினேன். அது உண்மை. உனக்கு 'அனுப்பிவிட்டேன்' என்று எழுதியபோது அந்த உறை மேசையில் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. நாளைக்கு அனுப்பிவிடுவேன், அப்போது உனக்கு எழுதியது உண்மையாகிவிடும் என்று நினைத்தேன். மறுநாள் பையில் வைத்தேன். அதற்கு மறுநாள் தபால் பெட்டி வரை போனேன். மறு ஆய்வு என்றால் இன்னொருவன் வருவான், கேட்பான், பிறகு என்னைக் கேட்பார்கள். திரும்பி வந்துவிட்டேன். நான்காம் தேதி முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

உன் கடிதத்தை என் மனைவிதான் முதலில் படித்தாள். பையைத் திறந்து உறையை எடுத்து என் முன்னால் வைத்தாள். அவள் கத்தவில்லை. நான் உதட்டைப் படிக்க வசதியாக நேரே உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னாள்: "மூணு வருஷமா உங்களுக்குப் பதிலா நான் கேட்டேன். உங்களுக்குப் பதிலா நான் பேசினேன். உங்க வெட்கத்துக்குத்தான் துணை இருக்கேன்னு நினைச்சேன். இதுக்குத் துணை இருக்க மாட்டேன்." அன்றே அவள் தங்கை வீட்டுக்குப் போனவள் பத்து நாள் கழித்துத்தான் வந்தாள்.

அந்தப் பத்து நாளில் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். காது பரிசோதனை முடிவு, ஏழு அறிக்கைகளின் பட்டியல், உன் பதிவைப் பற்றி நான் சொன்னது தெரிந்தே சொன்ன பொய் என்பது. நகல் இத்துடன் இருக்கிறது. குழுவின் முத்திரையோடு வந்த ரசீதின் நகலும் வைத்திருக்கிறேன். என் வார்த்தையை மட்டும் நம்பச் சொல்லி இனி உன்னைக் கேட்க முடியாது.

என் உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள். போன வாரம் காதுக்குக் கருவி வாங்கினேன். உயர்ந்த சத்தம் கொஞ்சம் வருகிறது, கம்பி உரசுவதுபோல. அந்தக் குரல் எங்காவது இன்னும் இருந்தால், ஒரு தடவை உன் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும் என்று இருக்கிறது. வரலாமா?

தம்பி


ஜூலை 3

தம்பிக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது வேலையால் அல்ல. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

என்னை மாற்றிவிட்டார்கள். இயந்திரத்தின் முன்னால் நின்றதற்கு என்று யாரும் சொல்லவில்லை, 'நிர்வாக வசதிக்காக' என்று போட்டிருக்கிறது. இப்போது கடைத்தெரு நடுவில் ஒரு சின்ன பம்பு அறை. ஜன்னல் எதிரே செருப்புக்கடைச் சுவர். இங்கே ஒரே பம்புதான், நிற்பதே இல்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஷிப்டு நோட்டில் தண்ணீர் அளவு மட்டும் எழுதுகிறேன்.

குழுவிலிருந்து கடிதம் வந்தது. நீ பட்டியல் கொடுத்த மற்ற ஆறு இடங்களிலும் மறு ஆய்வு செய்தார்களாம். நாலில் ஒன்றும் இல்லை. இரண்டில் கல்பக்கி இருக்கிறது, வேலையை நிறுத்திவிட்டார்கள். என் பதிவு உண்மையானது என்று ஏற்றுக்கொண்டதாகவும், விசாரணையில் நேர்ந்ததற்கு வருந்துவதாகவும் தலைவி கையெழுத்துப் போட்டிருக்கிறார். எங்கள் கல்லுக்காட்டுக்கு நேரே ஒரே ஒரு சொல்தான் எழுதியிருக்கிறார்கள். 'இருந்தது.'

அந்த இரண்டு இடத்துக்காக உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன். நீ இழந்ததும் சின்னதல்ல, தெரியும். உன் மனைவி போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். நீ இளைத்துவிட்டாய் என்றாள். அவளிடம் கொடுத்தனுப்பிய பலகாரம் உனக்குத்தான். அதைச் சாப்பிட்டாயா என்று தெரிய வேண்டும்.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வராதே. இப்போது வேண்டாம். நீ வந்தால் அத்தான் உன்னை உட்காரச் சொல்வார், நான் தட்டு வைப்பேன், நீ என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவாய், எல்லாம் சரியாகிவிட்டதுபோல ஆகிவிடும். ஆகவில்லை. மே நான்காம் தேதி காலை எட்டு மணிக்கு 'அவன் என்கிட்ட பொய் சொல்ல மாட்டான்' என்று சொன்ன ஒருத்தி இன்னும் அங்கேயே நிற்கிறாள். அவளை நான் எப்படி வீட்டுக்குக் கூட்டி வருவது என்று தெரியவில்லை.

கடிதம் எழுது. வாராவாரம் எழுது. கருவி காதில் குத்துகிறதா, என்ன வேலை தேடுகிறாய், அவளோடு என்ன சண்டை, எல்லாம் எழுது. படிப்பேன். நம்பவும் முயற்சி செய்கிறேன். பறவைகளைப் பற்றி மட்டும் எனக்கு எழுதாதே.

அக்கா